கடைசி டைவ் முடிந்ததும் மலையேறலாமா?

டம் டம் பாறை தாண்டியதும் மடியிலிருந்த காலி தண்ணீர் பாட்டில் 'டக்'கென்று ஒடுங்கியது. கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் குடித்து முடித்து இறுக்கி மூடி வைத்தது. வத்தலக்குண்டில் இறங்கும்போது இரண்டு பக்கமும் உள்ளே போய், யாரோ கையால் பிழிந்த மாதிரி இருந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. கீழே வரும்போது காற்றழுத்தம் கூடிப் பாட்டில் ஒடுங்கும், மேலே போகும்போது அது குறைந்து சிப்ஸ் பாக்கெட் உப்பும். ஸ்கூபா, அதாவது முதுகில் காற்று சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் நீந்துவது, கற்றுக்கொள்ள ஆசிரியர் தேடியபோது எனக்குக் கைகொடுத்தது இந்தப் பாட்டில்தான்.

நான் நாயுடுபுரத்துக்காரி. கடலை முதலில் பார்த்தது எட்டாம் வகுப்பில், ராமேஸ்வரம் டூர் போனபோது. நீச்சல் கற்றது மதுரையில் கல்லூரி படிக்கும்போது. கடலுக்கடியில் போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசை பல வருடமாக இருந்தது. இந்த வருடம்தான் லீவும் காசும் ஒன்றாகச் சேர்ந்தன.

ஸ்கூபா பாடத்தை வகுத்து, முடித்தவருக்குக் கார்டு கொடுக்கும் ஏஜென்சிகள் பல உண்டு. முதல் இரண்டு வாரம் எந்த ஏஜென்சி என்பதிலேயே போனது. பி.ஏ.டி.ஐ. 1966-இல் அமெரிக்காவில் தொடங்கியது. எஸ்.எஸ்.ஐ. 1970-இல். சி.எம்.ஏ.எஸ். இவற்றுக்கும் மூத்தது. 1959-இல் பல நாட்டு டைவிங் சங்கங்கள் கூடி அமைத்த கூட்டமைப்பு, அதற்கு முதல் தலைவர் பிரெஞ்சு கடல் ஆய்வாளர் ழாக் குஸ்தோ. படிக்கப் படிக்க எனக்குப் புரிந்தது, ஆரம்ப நிலை டைவருக்கு இவை எல்லாம் ஏறக்குறைய ஒரே இடத்துக்குத்தான் கொண்டுபோகின்றன. பி.ஏ.டி.ஐ., எஸ்.எஸ்.ஐ. இரண்டிலும் ஓப்பன் வாட்டர் என்ற ஆரம்ப நிலை கோர்ஸ் முடித்தால் 18 மீட்டர் வரை இறங்கலாம். பாடம், நீச்சல் குளத்தில் பயிற்சி, பிறகு கடலில் நான்கு டைவ். 200 மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும், பத்து நிமிடம் மிதக்க வேண்டும். ஒன்றின் கார்டை மற்றதன் டைவ் சென்டரிலும் ஏற்றுக்கொள்கிறார்கள். எஸ்.எஸ்.ஐ. ஆசிரியர் ஏதாவது ஒரு சென்டரோடு சேர்ந்துதான் பாடம் எடுக்க முடியும், பி.ஏ.டி.ஐ.யில் தனியாகவும் எடுக்கலாம். மாணவருக்கு இதனால் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த இரண்டு வாரத்தை ஆசிரியரைத் தேடுவதில் செலவழித்திருக்கலாம்.

சரி, போனை எடுத்தேன்.

முதலில் பேசிய இடத்தில் மூன்று நாளில் முடித்துத் தருவதாகச் சொன்னார்கள். கடைசி இரண்டு டைவும் மதியம், நாலு மணிக்கு முடிந்துவிடும், அன்று ராத்திரியே பஸ் ஏறினால் காலையில் கொடைக்கானல். கேட்க வசதியாகத்தான் இருந்தது. "கடைசி டைவுக்கு அப்புறம் உயரமான இடத்துக்குப் போகக் கூடாதுன்னு படிச்சேனே?" என்று கேட்டேன். "அது ஃபிளைட்டுக்குத்தான் மேடம், பஸ்ஸுக்கு இல்ல" என்றார் அந்தப் பக்கம் பேசியவர்.

அங்கேயே முடிவெடுத்துவிட்டேன். ஆழத்தில் அழுத்தம் கூடும்போது மூச்சிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. மேலே வந்ததும் அது மெல்ல மெல்ல வெளியேற வேண்டும். அதற்குள் அழுத்தம் இன்னும் குறைந்தால், கோலி சோடாவைத் திறந்தது போல உடம்புக்குள் குமிழி கிளம்பலாம். மூட்டு வலி, மரமரப்பு, சில சமயம் அதைவிட மோசமாகவும் ஆகலாம். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 8,000 அடி உயரத்துக்குச் சமமாகக்கூடக் குறையும். எங்கள் ஊர் சுமார் 7,000 அடியில் இருக்கிறது. பஸ்ஸில் போனாலும் உடம்பு அந்த உயரத்துக்குத்தான் போகிறது. டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற டைவிங் பாதுகாப்பு அமைப்பின் வழிகாட்டுதல், பல டைவ் செய்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறது. அது 2,000 முதல் 8,000 அடி வரைக்கானது. இவர் கணக்குப்படி விடிகாலையில் மலையடிவாரத்துக் காட்ரோடு தாண்டும்போது பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம்தான் ஆகியிருக்கும்.

சின்ன வயதில் எனக்கு வீசிங் உண்டு. மார்கழிக் குளிரில் இன்ஹேலர் இல்லாமல் இருந்ததில்லை. அதையும் சொன்னேன். "மெடிக்கல் ஃபார்ம்ல எல்லாத்துக்கும் நோ போட்டுடுங்க, யாரும் பார்க்க மாட்டாங்க" என்றார். இதைச் சொல்பவரிடம் என் மூச்சை ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் புதுச்சேரியில் ஒருவரிடம் பேசினேன். விலை, தேதி எதையும் சொல்வதற்கு முன் அவர் கேட்டது, "எந்த ஊரும்மா?" கொடைக்கானல் என்றதும், "அப்போ ஒரு நாள் கூடுதலா லீவ் போடுங்க, கடைசி டைவ் முடிஞ்சு உடனே மேலே ஏறக் கூடாது" என்றார். நான் கேட்கவே இல்லை. வீசிங் விஷயத்தைச் சொன்னதும், டாக்டர் கையெழுத்து இல்லாமல் குளத்தில்கூட இறக்க மாட்டேன் என்றார். திண்டுக்கல்லில் நுரையீரல் டாக்டரிடம் போய் ஊதிக் காட்டி, பிரச்சினை இல்லை என்று எழுதி வாங்கினேன். கடலில் ஒரு ஆசிரியருக்கு எட்டு மாணவர் வரை விதி அனுமதிக்கிறது. இவர் நாலுக்கு மேல் எடுப்பதில்லை, தண்ணீர் கலங்கிய நாளில் எட்டுப் பேரைக் கண்ணில் வைத்திருக்க முடியாதாம். ஏஜென்சியில் அவருடைய ஆசிரியர் பதிவு எண்ணைக் கேட்டதும் தயங்காமல் கொடுத்தார். ஏஜென்சி இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன், பாடம் எடுக்கும் தகுதி நடப்பில் இருந்தது. அவர் எந்த ஏஜென்சி என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

கோர்ஸைப் பற்றி நிறைய எழுதலாம், ஒன்றை மட்டும் சொல்கிறேன். காது. மலைப்பாதையில் காது அடைத்தால் எச்சில் விழுங்கிச் சரி செய்து வளர்ந்தவள் நான், அதனால் தைரியமாக இருந்தேன். ஆனால் கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு வரை இறங்கும்போது கூடுகிற மொத்த அழுத்தமும் தண்ணீரில் சுமார் இரண்டு மீட்டர் ஆழத்துக்குத்தான் சமம். மலைப்பாதை முழுவதும் இறங்குவதை கடலில் சில நொடிகளில் இறங்கிவிடுகிறோம். முதல் டைவில் மூன்று மீட்டரிலேயே இடது காதில் ஊசி குத்தியது. கையை ஆட்டிக் காட்டினேன். அவர் என் கையைப் பிடித்து ஒரு மீட்டர் மேலே கூட்டிப்போனார். மாஸ்க்குக்கு வெளியே தன் மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காட்டினார். நானும் ஊதினேன். 'பொட்' என்று திறந்தது. மற்ற மூன்று பேரும் கயிற்றைப் பிடித்தபடி காத்திருந்தார்கள். அவர் என்னை அவசரப்படுத்தவே இல்லை. அதன் பிறகு ஒவ்வொரு மீட்டருக்கும் நின்று, என் கண்ணைப் பார்த்து, நான் சரி என்று விரலைக் காட்டிய பிறகே இறங்கினார்.

கடைசி டைவ் ஞாயிறு காலை பதினொரு மணிக்கு முடிந்தது. "திண்டுக்கல் வரைக்கும் ராத்திரி பஸ்ல போங்க, அது சமவெளிதான். மலை மட்டும் நாளைக்கு மத்தியானத்துக்கு மேல" என்றார். திங்கள் காலை திண்டுக்கல்லில் சித்தி வீட்டில் தூங்கி எழுந்து, சாப்பிட்டு, ஒரு மணிக்குத்தான் பஸ் ஏறினேன். இருபத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது.

வத்தலக்குண்டில் ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்கிப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டேன். வாழைகிரி தாண்டும்போதே விறைக்க ஆரம்பித்தது. பெருமாள்மலையில் பஸ் நின்று டீ குடிக்க இறங்கியபோது பாக்கெட் தலையணை மாதிரி உப்பியிருந்தது. பனி இறங்கியிருந்தது. அப்போது போன் அடித்தது, புதுச்சேரி நம்பர்.

"மேல வந்தாச்சா? மூட்டு வலி, கை கால் மரமரப்பு எதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்லண்ணா, நல்லா இருக்கேன்."

"சரி. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை மெசேஜ் போடுங்க."