மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும்?

லெகோ துண்டுகளால் கட்டிய ஊர்களின் படங்களைப் பார்க்கும்போது என் கண் முதலில் போவது கடிகாரக் கோபுரத்துக்கோ ரயில் நிலையத்துக்கோ அல்ல, சாலையோரத்துக்கு. அங்கே வடிகால் சல்லடை இருக்கிறதா? கூரையிலிருந்து இறங்கும் குழாய் எங்கே போய் முடிகிறது? மேன்ஹோல் மூடி சாலையின் நடுவில் இருக்கிறதா, ஓரத்திலா? பெரும்பாலும் இதில் எதுவுமே இருக்காது. மாடிக்கு மாடி பூச்சட்டி, பால்கனிக்குப் பால்கனி பூனை, ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தால் மேசைமேல் திறந்த புத்தகம் என்று அத்தனை நுணுக்கமாகச் செய்திருப்பார்கள். ஆனால் கொஞ்சம் கனமாக ஒரு மழை பெய்தால் அரைமணி நேரத்தில் அந்தப் பூனைதான் மிச்சம்.

இது தொழில் கோளாறு, ஒப்புக்கொள்கிறேன். மழைநீர் வடிகால் வரைபடங்களைச் சரிபார்ப்பது என் வேலை. பகல் முழுக்கக் குழாய் விட்டம், வாட்டம், குழியின் ஆழம். சாயங்காலம் லெகோ. இரண்டும் ஒன்றோடொன்று கலக்காமல் இருக்க வாய்ப்பே இல்லை.

நான் கட்டிக்கொண்டிருக்கும் ஊர் ஒன்றரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். குமிழ் என்பது துண்டின் மேல் இருக்கும் புடைப்பு, அடுத்த துண்டு அதில்தான் பொருந்தும். 32×32 குமிழ் அளவுள்ள பேஸ்பிளேட்டுகளை, அதாவது அடித்தட்டுகளை, ஆறுக்கு நான்காக அடுக்கிய பரப்பு அது. எந்த நிஜ ஊரின் நகலும் இல்லை. ஒரு கடைத்தெரு, ஒரு பள்ளி, கொஞ்சம் மேட்டில் சில வீடுகள், ஊரின் தாழ்ந்த முனையில் ஒரு ஓடை. அந்த ஓடையைத்தான் முதலில் கட்டினேன். தண்ணீர் கடைசியில் எங்கே சேரும் என்று தெரியாமல் தெருவுக்கு எந்தப் பக்கம் வாட்டம் கொடுப்பது?

அளவுக் கணக்கில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதில்தான் தொங்குகிறது. லெகோ மனிதனின் உயரம் தோராயமாக 4 சென்டிமீட்டர். 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆளாக அவனை வைத்துக்கொண்டால் விகிதம் 1:42 என்று வரும். ஆனால் கைகளோடு சேர்த்து அவன் அகலம் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர். அதாவது நிஜத்தில் மூன்றடிக்கு மேல் அகலமான மனிதன். எந்தக் கதவிலும் நேராக நுழைய முடியாத பிறவி. அதனால் விகிதத்தை ரொம்பவும் கறாராகப் பிடித்துக்கொண்டால் இந்த விளையாட்டு அங்கேயே நின்றுவிடும். இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன்: 105 மீட்டர் நீளமுள்ள கால்பந்து மைதானத்தை இதே விகிதத்தில் கட்டினால் இரண்டரை மீட்டர் வரும். என் ஊர் முழுவதையும் அந்த மைதானத்துக்குள் வைத்துவிட்டு ஓரத்தில் நடக்கவும் இடம் இருக்கும். ஆகவே எல்லோரும் செய்வதுபோல் நானும் கட்டடங்களைச் சுருக்குகிறேன், தெருவைக் குறுக்குகிறேன், மரங்களைக் குட்டையாக்குகிறேன். 12 மீட்டர் மரத்தை ஒழுங்காகக் கட்டினால் 28 சென்டிமீட்டர் உயரம் நிற்கும், அதற்கான இலைகளுக்கு நான் எங்கே போவது?

ஆனால் தெருவில் குனிந்து பார்த்தால் வேறு கதை. பிளேட் என்று சொல்கிற மெல்லிய துண்டின் கனம் 3.2 மில்லிமீட்டர், மூன்று பிளேட் சேர்ந்தால் ஒரு பிரிக். அந்த 3.2-ஐ 42-ஆல் பெருக்கினால் 13 சென்டிமீட்டர் சொச்சம். நிஜத்தில் நடைபாதை சாலையைவிட எவ்வளவு உயர்ந்திருக்கும்? ஏறக்குறைய அவ்வளவுதான். டைல் என்பது மேலே குமிழ் இல்லாத வழவழப்பான துண்டு. 2×2 குமிழ் அளவுள்ள வட்ட டைல் 16 மில்லிமீட்டர், பெருக்கினால் 67 சென்டிமீட்டர், கச்சிதமான மேன்ஹோல் மூடி. 1×2 சல்லடை டைல் சாலையோரச் சல்லடையின் அளவுக்கு அப்படியே பொருந்துகிறது. லெகோ மனிதனின் கை பிடிக்கிற கம்பி 3.2 மில்லிமீட்டர் தடிமன், கூரையிலிருந்து இறங்கும் குழாயைவிட ஒரு பொட்டு தடித்தது, அவ்வளவே. அதைச் சுவரில் பிடித்து நிறுத்த கிளிப் வைத்த 1×1 பிளேட் இருக்கிறது. மனிதனையும் மரத்தையும் சரியான அளவில் தராத லெகோ, வடிகால் சாமான்களை மட்டும் அளவெடுத்துத் தைத்த மாதிரி தருகிறது. இதைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம் சாலையின் வாட்டம். நிஜச் சாலை எதுவும் தட்டையாக இருக்காது. நடுவில் சற்று மேடாக இருந்து இரண்டு ஓரங்களுக்கும் சரியும். நூறுக்கு இரண்டு, இரண்டரை என்ற அளவில்தான் இருக்கும், நடப்பவர்களுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். என் கடைத்தெருவின் பாதி அகலம் 10 குமிழ், அதாவது 80 மில்லிமீட்டர். நூறுக்கு இரண்டரை என்றால் 2 மில்லிமீட்டர் உயர வித்தியாசம் வேண்டும். லெகோவில் மிக மெல்லிய படியே 3.2 மில்லிமீட்டர்தான். அதைப் போட்டால் நூறுக்கு நான்கு, கண்ணுக்கு உறுத்தும். இதோடு விட்டுவிடலாம் என்றுதான் பலரும் சொல்வார்கள்.

விடை குமிழிலேயே இருந்தது. குமிழின் உயரம் 1.7 மில்லிமீட்டர் அளவு. சாலையைப் பேஸ்பிளேட்டோடு அழுத்திப் பொருத்தாமல், தனிப் பலகையாகச் செய்தேன்: 10 குமிழ் அகலம், அடியில் பிளேட், மேலே டைல். பலகையின் ஓர விளிம்பு வழவழப்பான டைல் மேல் உட்காரும். நடுச்சாலை விளிம்பு அதே மட்டத்தில் இருக்கும் பிளேட்டின் குமிழ்த் தலைகள்மேல் உட்காரும். அரைக் குமிழ் தள்ளி வைத்தால் அது கிளிக் ஆகாது, பலகையின் அடிச்சுவர் குமிழ் மேலேயே நிற்கும். 80-க்கு 1.7 என்றால் நூறுக்கு இரண்டுக்குக் கொஞ்சம் மேல். வேலைக்கு வருகிற வரைபடத்தில் இப்படி இருந்தால் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

பலகை எதோடும் ஒட்டவில்லை, தன் எடையிலேயே கிடக்கிறது. லெகோக்காரர்களில் ஒரு சாரார் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள், எல்லாம் கிளிக் என்று பொருந்த வேண்டும் என்பது அவர்கள் கட்சி. எனக்கு அதில் பிடிவாதம் இல்லை. கழற்றி மாற்றுவதற்கும் இதுதான் சௌகரியம், ஒரு விரலால் சாலையைத் தூக்கிவிட்டு அடியில் கை விடலாம்.

வாட்டம் வேலை செய்கிறதா என்று பார்க்க மருந்து சொட்டும் குழலில் தண்ணீர் எடுத்து ஒரு சொட்டு விட்டேன். நகரவில்லை. நகராது என்று எனக்கும் தெரியும், ஆசை யாரை விட்டது. ஊரை 42 மடங்கு சுருக்கலாம், தண்ணீரைச் சுருக்க முடியாது. 4 மில்லிமீட்டர்ச் சொட்டு அந்த ஊர்க்காரர்களுக்கு 17 சென்டிமீட்டர் உருண்டை, பரப்பு இழுவிசையின் பிடியில் பிளாஸ்டிக்கின் மேல் அப்படியே குந்திக்கொண்டிருக்கும். அதனால் தண்ணீருக்குப் பதில் சைக்கிள் பேரிங் குண்டு ஒன்றை நடுச்சாலையில் வைத்தேன். டைல் இணைப்புகளில் கொஞ்சம் தயங்கி, பிறகு ஓரமாக இறங்கி, நடைபாதை விளிம்பில் முட்டி, அதை ஒட்டியே சல்லடை வரைக்கும் போய் நின்றது. அண்ணன் மகன் பக்கத்தில் இருந்தான். "அத்தை, இந்த ஊர்ல மழையே பெய்யாதே, அப்புறம் எதுக்கு இதெல்லாம்?" என்றான். பூனைக்கு மட்டும் உயிர் இருக்கிறதா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, ஓடையில் ஒரு முதலையை விட்டுப் போனான். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது, எடுக்க மனம் வரவில்லை.

குண்டு ஓரத்தோடு ஓடக் காரணம் தெருவின் நீளவாக்கிலும் வாட்டம் இருப்பது. ஒரு பேஸ்பிளேட்டின் நீளம் 256 மில்லிமீட்டர். அடுத்தடுத்த பேஸ்பிளேட்டின் மேல் தெருவை ஒரு பிளேட் தாழ்த்திக்கொண்டே போனால் எண்பதுக்கு ஒன்று என்ற சரிவு கிடைக்கிறது. பலகையின் மேல்முனை ஒரு மட்டத்தில், கீழ்முனை ஒரு பிளேட் கீழே. மொத்த ஊருக்கும் 16 மில்லிமீட்டர் இறக்கம்தான். இதற்காக ஊரையே பேஸ்பிளேட்டிலிருந்து தூக்கிக் கட்டவேண்டி வந்தது. அடியில் முழுக்கத் தூண்களும் வெற்றிடமும்தான், வெளியே தெரியாத இடத்தில் கையில் கிடைத்த நிறம் எல்லாம் போட்டிருக்கிறேன். நடைபாதை மட்டும் பேஸ்பிளேட்டுக்கு ஒரு படி என்று இறங்குகிறது. சரிவான தெருக்களில் நிஜத்திலும் அப்படித்தானே, கடைவாசலுக்குக் கடைவாசல் ஒரு படி.

மேட்டு வீடுகளைத் தாங்கும் தடுப்புச் சுவருக்குக் கசிவுத் துளைகள் வைத்தேன். தடுப்புச் சுவர்கள் விழுவது பல சமயம் மண்ணின் எடையால் மட்டும் அல்ல, மழைக்குப் பின் மண்ணுக்குள் தேங்கும் தண்ணீரின் அழுத்தத்தால். ஹெட்லைட் பிரிக் என்று ஒரு துண்டு உண்டு, அதன் பக்கவாட்டுக் குமிழ் உள்வாங்கி, நடுவில் ஓட்டையோடு இருக்கும். கார் விளக்கு மாட்டுவதற்கான இடம். நான் அதில் எதையும் மாட்டாமல் சுவரில் நான்கைந்து குமிழுக்கு ஒன்று என்று பதித்துவிட்டேன். ஒவ்வொரு துளைக்குக் கீழும் ஒரு கோடு பச்சை, பாசி படிந்த தடம். ஊரிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இந்தச் சுவர். வந்து பார்ப்பவர்கள் யாரும் இதைக் கவனிப்பதில்லை, பள்ளியின் மணியைத்தான் ஆட்டிப் பார்க்கிறார்கள்.

கட்டடங்களைப் பற்றி அதிகம் சொல்ல என்னிடம் இல்லை. 2007-ல் கஃபே கார்னர் என்ற லெகோ கட்டடத் தொகுப்பு வந்ததிலிருந்து, ஒன்றோடொன்று தோள் சேர்ந்து நிற்கும் மாடிக் கட்டடங்களை எப்படிக் கட்டுவது என்பதற்கு ஒரு மரபே உருவாகிவிட்டது, நானும் அதைப் பார்த்துத்தான் கட்டுகிறேன். என் பங்குக்குச் செய்தது, ஒவ்வொரு கூரையிலிருந்தும் ஒரு குழாய் இறங்கி நடைபாதைக்குள் போக வேண்டும் என்று விதி வைத்தது. தட்டையான மொட்டை மாடிக்கு இரண்டு. ஒன்று அடைத்துக்கொண்டால் இன்னொன்று வேண்டாமா?

தெருவுக்கு ஒரே நிறம் போடுவதும் எனக்கு ஒத்துவராது. நிஜத் தார்ச்சாலை வெயிலில் வெளுத்து, தோண்டி மூடிய ஒட்டுகளோடுதான் இருக்கும். 2004 வாக்கில் லெகோ தன் சாம்பல் நிறங்களை நீலம் கலந்த சாம்பலாக மாற்றியது. பழைய சாம்பலும் புதியதும் சேராது என்று அதற்காக வருத்தப்பட்டவர்கள் நிறைய. எனக்கு அந்தச் சேராமைதான் வேண்டும். சாலை முழுக்கப் புதிய கருஞ்சாம்பல், குழாய் பதிக்கத் தோண்டிய இடத்தில் மட்டும் பழைய சாம்பல் டைல், நீளமாக, மேன்ஹோல் மூடியிலிருந்து வீட்டு வாசல் வரை. பார்த்ததும் தெரிந்துவிடும், இந்த வீட்டுக்குத்தான் பின்னாளில் இணைப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று.

லெகோ ஊர் என்ற யோசனையே தெருவிலிருந்துதான் தொடங்கியது என்பது எனக்கு ஒரு ஆறுதல். 1955-ல் வந்த டவுன் பிளான் என்ற லெகோ தொகுப்பு, தெருக்கள் அச்சிட்ட விரிப்பின்மேல் வீடுகளைக் கட்டி வைப்பதாக இருந்தது. இன்று நாம் பயன்படுத்தும் பிரிக்கின் காப்புரிமையே 1958-ல்தான், அதற்கும் முன்னால் தெரு வந்துவிட்டது. டென்மார்க்கின் பில்லுண்டில் 1968-ல் திறந்த லெகோலாண்ட் பூங்காவில், லெகோவால் கட்டிய குட்டி ஊர்கள் இருக்கும் மினிலாண்ட் இன்னும் ஒருபடி மேல். 1:20 விகிதத்தில், திறந்த வெளியில் இருக்கிறது. அங்கே நிஜ மழை பெய்கிறது! அங்கே போகக் கிடைத்தால் மழை நாளாகப் பார்த்துத்தான் போவேன், குடையோடு தெருவோரத்தில் குந்தி உட்கார்ந்திருக்கும் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இப்போது கையில் இருக்கும் சிக்கல் நாற்சந்தி. நான்கு பக்கத்திலிருந்தும் நடுமேடு வந்து சந்திக்கிற இடத்தில் சதுரப் பலகை எதுவும் சரியாக உட்காரவில்லை. 2×2 முக்கோண டைலை வைத்து மூலைவிட்டத்தில் பலகையை வெட்டினாற்போல் செய்துபார்க்கிறேன், இரண்டு பக்கம் படிந்துவிட்டது, மற்ற இரண்டும் ஆடுகின்றன. அது எப்படிப் போனாலும் சல்லடையின் இடம் மாறாது. பாதசாரிகள் கடக்கும் கோட்டுக்கு முன்னால், தண்ணீர் வருகிற பக்கத்தில்தான் அது வர வேண்டும், இல்லையென்றால் கடப்பவர்கள் கணுக்கால் தண்ணீரில் இறங்க வேண்டும். அந்த இடத்தில் அண்ணன் மகன் ஒரு பஸ் நிறுத்தத்தைக் கட்டி, ஏற்கெனவே ஏழெட்டுப் பேரை வரிசையில் நிறுத்திவிட்டான். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.