அழுக்கென்று எண்ணி அழித்துவிடக் கூடாதவை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்க இயற்கைக்காட்சி ஓவியர் ஃபிரெடெரிக் எட்வின் சர்ச் என்றதும் நயாகராவும் ஆண்டீஸ் மலைகளும் நிறைந்த அவருடைய பெரிய கித்தான்கள்தான் நினைவுக்கு வரும். அந்தக் கித்தான்களுக்கு முன்னால், ஆற்றங்கரையிலும் மலைச்சரிவிலும் உட்கார்ந்து அவர் வரைந்த பென்சில் தாள்கள் இருக்கின்றன. எண்ணெய் வண்ணச் சிறு படங்களையும் சேர்த்தால் இரண்டாயிரத்துக்கு மேல். நியூயார்க்கின் கூப்பர் ஹியூவிட் அருங்காட்சியகத்தில் இருக்கும் இவற்றில் பெரும்பகுதி, 1917-இல் அவர் மகன் லூயிஸ் கொடுத்தது.

இவை சுவரில் மாட்ட வரைந்தவை அல்ல. ஓவியக்கூடத்துக்குத் திரும்பியபின் எடுத்துப் பார்க்க வைத்துக்கொண்ட வேலைக் குறிப்புகள். அதனால்தான் மேகத்துக்குள்ளும் மலைமுகட்டின் மேலும் நிறத்தையும் வெளிச்சத்தையும் பற்றிய சொற்கள் பொடி எழுத்தில் கிடக்கும். அவருடைய ஆசிரியர் தாமஸ் கோலிடமும் இந்தப் பழக்கம் இருந்தது. ஓரத்தில் குண்டூசித் துளை, நடுவில் மடிப்பு, மூலையில் விரல்ரேகை எல்லாம் இருக்கும். இத்தகைய தாளைப் பழுதுபார்த்துப் பாதுகாக்க வருபவர், இவற்றில் எது பிற்கால அழுக்கு, எது ஓவியர் கைபட்டது என்று முடிவு செய்யாமல் தாளைத் துடைக்கத் தொடங்கக் கூடாது. பாதிச் சேதம் இந்த அவசரத்தால்தான் வருகிறது.

பென்சிலின் கரியான கிராஃபைட் தாளுக்குள் ஊறுவதில்லை. இழைகளின் மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ரப்பர்த் தூளை லேசாக உருட்டினாலும் மெல்லிய கோடுகள் போய்விடும், தூரத்து மலை காணாமல் போகும். ரப்பரைக் கோடே இல்லாத வெற்று ஓரத்தில் மட்டும் தொடலாம். மற்ற இடத்துக்கு மென்மையான ஆட்டுமுடித் தூரிகை போதும். சுண்ணக்கட்டியால் (சாக்) போட்ட கோடு இருந்தால் அதுவும் வேண்டாம். அப்படிப்பட்ட தாளைப் பாலியெஸ்டர் உறையில் போடவே கூடாது. உறையின் நிலைமின்சாரம் சுண்ணத்துகளை இழுத்து எடுத்துவிடும்.

எனக்கு மிகவும் கவலை தருவது நிறத்தாள். சாம்பல், நீலம், பழுப்பு நிறத் தாளில் பென்சிலால் நிழலையும் வெள்ளைக் கோவாஷால் (ஒளி ஊடுருவாத, அடர்த்தியான நீர்வண்ணம்) ஒளியையும் போடுவது அக்கால வழக்கம். நடுத்தர நிறத்தைத் தாளே கொடுத்துவிடும். அதாவது, ஓவியர் தொடாத இடமும் ஓவியம்தான். அந்தச் சாயம் வெளிச்சத்தில் வெளுத்தாலோ, மரக்கூழ்த் தாள் அமிலத்தால் பழுத்தாலோ, ஒரு கோடுகூட அழியாமலே படம் கெட்டுப்போகும். பனிமுகட்டின் வெள்ளை தாளோடு கலந்துவிடும். அல்லது கன்னத்தில் அப்பிய சுண்ணாம்புபோலத் துருத்திக்கொண்டு நிற்கும். பழைய சட்டத்தைக் கழற்றியதும் ஜன்னல் அட்டைக்கு (ஓவியம் தெரிய நடுவில் திறப்பு வெட்டிய அட்டை) அடியில் மறைந்திருந்த ஓரப்பட்டையைப் பாருங்கள். பல வேளை தாளின் முதல் நிறம் அங்கேதான் மிஞ்சியிருக்கும். அந்தப் பட்டையை ஒழுங்குபடுத்துகிறேன் என்று வெட்டியெறிந்தால் சான்றே போய்விடும்.

வெள்ளை கறுத்திருந்தால் அது ஈய வெள்ளையாக இருக்கலாம். காற்றிலுள்ள கந்தக வாயு அதைக் கறுப்பாக்கும். துத்தநாக வெள்ளை அப்படிக் கறுக்காது. 1834-இல் வின்சர் அண்ட் நியூட்டன் நிறுவனம் அதை நீர்வண்ணமாகக் கொண்டுவந்தது. புற ஊதா விளக்கில் துத்தநாக வெள்ளை மஞ்சள்பச்சையாக ஒளிரும். இந்தச் சோதனைக்குப் பிறகே கறுப்பை நீக்கும் மருந்தைப் பற்றிப் பேசலாம்.

மவுண்ட் போடுவதற்கு, அதாவது தாளை அட்டையில் பொருத்துவதற்கு, பருத்தி அட்டை, ஜப்பானியத் தாள், கோதுமை ஸ்டார்ச் பசை. ஒரு பங்கு ஸ்டார்ச்சுக்கு நான்கைந்து பங்கு தண்ணீர் விட்டு அரைமணி கிளறிக் காய்ச்சி, ஆறியபின் சலித்து, பாலாடை பதத்துக்குக் கரைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் கூடினால் தாள் சுருங்கி, கறைக்கோடு விழும். ஓவியத்தை அட்டையோடு இணைக்கும் ஜப்பானியத் தாளின் பிடிப்புத் துண்டைக் கத்தரிக்காமல் கையால் கிழிக்க வேண்டும். இழை பிசிறாக இருந்தால்தான் முன்பக்கம் தடம் தெரியாது. மேல்விளிம்பில் இரண்டு துண்டு போதும், ஓவியத்தின் முதுகில் மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் மட்டும் ஏறினால் சரி. நான்கு பக்கமும் ஒட்டினால் ஈரப்பதம் மாறும்போது தாள் விரியவும் வழியின்றி நெளியும். பிடிப்பு ஓவியத்தாளைவிடப் பலவீனமாக இருப்பதும் முக்கியம்: இழுபட்டால் கிழிய வேண்டியது பிடிப்புதான்.

தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இங்கிலாந்தின் வாட்மன் காகித ஆலையின் நீர்க்குறியும் ஆண்டும் சில வேளை தெரியும். அந்த ஆண்டுக்கு முன்பு வரைந்ததல்ல என்பதற்கு மட்டுமே அது சாட்சி. தாள் பல காலம் பெட்டியில் கிடந்திருக்கலாம்.

காட்சிக்கு வைத்தால் வெளிச்சம் 50 லக்ஸ் (ஒளியின் அளவலகு). நாளுக்கு எட்டு மணி, தொண்ணூறு நாள் என்றால் மொத்தம் 36,000 லக்ஸ் மணி. பிறகு சில ஆண்டுகள் இருட்டு ஓய்வு. இந்தக் கணக்கைத் தாளின் பதிவேட்டிலேயே எழுதிவைக்க வேண்டும். புகழ்பெற்ற தாளைத்தான் ஒவ்வொரு கண்காட்சியும் திரும்பத் திரும்பக் கேட்கும். எண் எழுதியிருந்தால்தான் மறுக்க முடியும்.