அப்பத்தாவும் என் கொசுக் கூண்டும்

மலேரியா ஆய்வுக்காகக் கூண்டில் கொசு வளர்ப்பது என் வேலை. விடுமுறைக்கு, ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடம் வந்திருக்கிறேன். “கொசுவுக்குச் சோறு போடவா உன்னைப் படிக்க வைத்தோம்?” என்கிறார் அப்பத்தா.

சோறு இல்லை, பிஸ்கட். நாய் பிஸ்கட்டையும் ஈஸ்டையும் பொடித்துத் தண்ணீர்த் தட்டில் தூவினால் கொசுப் புழுக்கள் மேய்ந்துகொள்ளும். மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசுவின் புழு நீர்மட்டத்தோடு படுத்துக் கிடக்கும். க்யூலெக்ஸ் என்ற வேறு வகைக் கொசுவின் புழு தலைகீழாகத் தொங்கும். படுத்திருந்தால் நம் பிள்ளை! அறை 27 டிகிரியில், ஈரப்பதம் 70 முதல் 80 சதவீதம் வரை இருக்க வேண்டும். ஆண் கொசுவுக்குச் சர்க்கரைத் தண்ணீர் போதும். பெண்ணுக்கு முட்டையிட ரத்தம் வேண்டும்; அதையும் உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து மெல்லிய சவ்வின் வழியே பரிமாற வேண்டும். (வீட்டு மாப்பிள்ளைக்கே இந்த உபசாரம் நடந்ததில்லை.)

கூண்டில் பிறக்கும் கொசுவிடம் மலேரியா கிடையாது. கிருமி முட்டை வழியே இறங்காது. நோயாளியின் ரத்தத்தைக் குடித்துப் பத்துப் பன்னிரண்டு நாள் போன பிறகே கொசு நோயைப் பரப்பும். எந்தப் பூச்சிமருந்துக்குச் சாகிறது, எதற்கு அசராமல் இருக்கிறது என்று பார்க்கவும் இந்த வளர்ப்பு வேண்டியிருக்கிறது.

சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போனேன். நல்ல தண்ணீருக்கு அல்லாடும் கடற்கரை. வீட்டுக்கு வீடு தொட்டியும் டிரம்மும். அனாபிலிஸில் ஸ்டீபன்சி என்ற இனம் தேடுவது இந்த நல்ல தண்ணீரைத்தான், சாக்கடையை அல்ல. மூடாத டிரம்மில் எட்டிப் பார்த்தால் ஏழெட்டுப் புழுக்கள், படுத்தபடி.

“அப்பத்தா, நீங்களும் வளர்க்கிறீர்களே!”

பதில் இல்லை. பழைய சேலையைக் கிழித்து டிரம்மின் வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறார்.