ஒன்று என்ற விசை

ஜூலை 4, 2025, வெள்ளி, செம்பூர், மும்பை

விடியற்காலையிலிருந்து விடாத மழை. அலுவலக வேலையை மூன்று மணிக்கே முடித்துவிட்டு, தாத்தாவின் நோட்டுகளுக்கு வந்தேன். மாட்டுங்காவில் அவர் மெஸ் நடத்திய காலத்துக் கணக்குகள் அவை. போன மாதம் முழுவதும் கைப்பேசியில் படம் பிடித்ததில் 1,140 படங்கள் சேர்ந்திருக்கின்றன. பலவற்றில் என் கட்டைவிரலும் இருக்கிறது.

தரம் பிரிக்க ஆட்டோஹாட்கீயில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். எந்த விசையை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று நாமே எழுதிவைக்கும் விண்டோஸ் மென்பொருள் அது. சின்னச் சாளரத்தில் ஒரு பக்கம் தெரியும். 1ஐ அழுத்தினால் வைத்துக்கொள், 2 என்றால் மறுபடி படமெடு, 3 என்றால் தள்ளு. படம் அந்தந்தக் கோப்புறைக்குப் போய்விடும், அடுத்தது வந்து நிற்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்குள் இருநூறு பக்கங்கள் முடிந்தன. ஒரே பெருமை எனக்கு.

ஜூலை 5, சனி

அப்பா மின்கட்டணம் கட்ட என் மடிக்கணினியில் உட்கார்ந்தார். கடவுச்சொல் தவறு என்றது வங்கித் தளம். அலமாரியிலிருந்து சீட்டை எடுத்து வந்து பார்த்து அடித்தார். மறுபடியும் தவறு. மூன்றாம் முறை கணக்கையே பூட்டிவிட்டது, நாளைதான் திறக்குமாம். கேப்ஸ் லாக் போட்டிருப்பீர்கள் என்றேன், எழுந்துகூடப் பார்க்காமல். அவர் பதில் சொல்லாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போனார்.

ஜூலை 6, ஞாயிறு

ஆஷாட ஏகாதசி. வடாலா விட்டல் கோயிலுக்குக் கிளம்பும் முன் கட்டணத்தை முடித்துவிட வேண்டும் என்று அப்பா பரணிலிருந்து பழைய கீபோர்டை இறக்கிச் செருகியிருக்கிறார். எண்களை வலப்பக்கத்துத் தனிப் பலகையில் அடித்திருக்கிறார். முதல் முயற்சியிலேயே திறந்துகொண்டது. "உன் மடிக்கணினியில் கீ கெட்டுப் போயிருக்கிறதடா. என் விரல் இல்லை" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

நோட்பேடைத் திறந்து மேல் வரிசையில் 12345 அடித்தேன். திரையில் 45 மட்டும் வந்தது. வலப்பக்கப் பலகையில் அடித்தால் ஐந்தும் வந்தன. அப்போதுதான் உறைத்தது.

1, 2, 3 மூன்றையும் ஸ்கிரிப்டில் வெறுமனே எழுதியிருந்தேன், எந்த நிபந்தனையும் வைக்காமல். அப்படி எழுதினால் கணினி முழுவதற்கும் அவை என் ஸ்கிரிப்டின் சொத்து. எந்தச் சாளரம் முன்னால் நின்றாலும் விசை அதற்குப் போய்ச் சேராது, வழியிலேயே பிடுங்கப்படும். வலப்பக்கத்து 1 கணினிக்கு வேறொரு விசை, அதனால் தப்பியது. கடவுச்சொல் பெட்டியில் எழுத்தும் தெரியாது, புள்ளிகள்தான். ஒன்றிரண்டு குறைந்தால் யார் எண்ணப் போகிறார்கள்? அப்பாவின் கடவுச்சொல்லில் 1 இரண்டு இடத்தில் வருமாம். மூன்று முயற்சிக்கு ஆறு பக்கங்கள், ஒருவரும் பார்க்காமலேயே "வைத்துக்கொள்" கோப்புறைக்குப் போயிருந்தன. ஆறில் இரண்டு என் கட்டைவிரல்.

ஸ்கிரிப்டில் விசைக்கு முன் ஓர் அலைக்குறி (~) போட்டால் அது முன்னால் உள்ள சாளரத்துக்கும் போகும். ஆனால் ஸ்கிரிப்டும் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். வங்கி திறக்கும், பக்கங்கள் அப்போதும் நகரும். வேண்டியது அதுவல்ல.

அப்பா பிரசாதத்தோடு வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். முதலில் சாப்பிடு என்றார்.

ஜூலை 7, திங்கள்

என் சாளரம் முன்னால் இருக்கும்போது மட்டும் விசைகள் ஸ்கிரிப்டுக்குப் போக வேண்டும். அதற்கு, நேற்று ராத்திரி கிடைத்த பழைய மாதிரியில் இஃப்வின்ஆக்டிவ் என்ற கட்டளை இருந்தது. என்னிடம் இருப்பது ஆட்டோஹாட்கீயின் இரண்டாம் பதிப்பு, 2022 டிசம்பரில் வந்தது. அது இதை ஏற்கவில்லை. இதில் ஹாட்இஃப் என்று எழுதி நிபந்தனையைப் பக்கத்தில் வைக்க வேண்டும். அந்த வரிக்குக் கீழே வரும் எல்லா விசைகளும் அடுத்த ஹாட்இஃப் வரும்வரை அதற்குக் கட்டுப்பட்டவை. "தாத்தா நோட்டு" என்ற தலைப்புள்ள சாளரம் முன்னால் இருந்தால் மட்டும் என்று எழுதினேன். நோட்பேடில் 12345 முழுசாக வந்தது. நிம்மதியாகத் தூங்கினேன்.

இன்று ஒரு கோப்புக்கு "பக்கம் 312" என்று பெயர் மாற்றப் போனேன். "பக்கம்" வந்தது, எண் வரவில்லை. பின்னால் இருந்த சாளரத்தில் ஒரு படம் குப்பைக்கும், ஒன்று வைத்துக்கொள்ளவும், ஒன்று மறுபடி எடுக்கவும் போயின.

காரணம் அற்பம். படங்கள் இருந்த கோப்புறையின் பெயரும் "தாத்தா நோட்டு"தான். இரண்டாம் பதிப்பு, கேட்ட சொல் தலைப்பில் எங்கே இருந்தாலும் பொருந்தியதாக எடுத்துக்கொள்கிறது. தலைப்பு முழுதாக ஒத்திருக்க வேண்டும் என்று கேட்கவும் வழி உண்டு. ஆனால் என் விண்டோஸ் 10இல் கோப்புறைச் சாளரத்தின் தலைப்பே கோப்புறையின் பெயர்தான், எனவே அதுவும் பொருந்தித் தொலைக்கும். பெயரை நம்பி ஆளைத் தேடினால், எங்கள் குடும்பத்தில் நாலு கிருஷ்ணமூர்த்தி திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒவ்வொரு சாளரத்துக்கும் விண்டோஸ் ஓர் அடையாள எண் தருகிறது. என் சாளரத்தை உருவாக்கியது என் ஸ்கிரிப்ட்தான் என்பதால் அந்த எண் அதன் கையிலேயே இருக்கிறது. தலைப்பை எடுத்துவிட்டு அதை வைத்தேன். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் எண் மாறும், அதனால் ஒன்றும் கெடவில்லை. கன்ட்ரோல், ஆல்ட், கியூ சேர்த்து அழுத்தினால் ஸ்கிரிப்ட் நிற்கும்; அதை மட்டும் ஹாட்இஃப்புக்கு மேலே வைத்திருக்கிறேன், எங்கிருந்தும் நிறுத்த முடிய வேண்டும்.

ஜூலை 9, புதன்

சாளரத்தின் அடியில் குறிப்பு எழுத ஒரு பெட்டி சேர்த்தேன், ஒரு பக்கத்துக்காகவே. 1957 மார்ச் 31 வரை கொத்தமல்லிக் கட்டு 3 அணா. மறுநாள் அதே கொத்தமல்லி 19 நயா பைசா. தசம நாணயம் வந்த நாள் அது. ஓரத்தில் தாத்தா பென்சிலால் வாய்ப்பாடு எழுதியிருக்கிறார்: 1 அணா 6, 2 அணா 12, 3 அணா 19, 4 அணா 25. மூன்றாவதைச் சுற்றி வட்டம், பக்கத்தில் கேள்விக்குறி. ஆறு ஆறாகப் போனால் பதினெட்டு அல்லவா வர வேண்டும்? ரூபாய்க்கு 16 அணா, 100 பைசா. அணாவுக்கு ஆறே கால் பைசா. மூன்று அணா பதினெட்டே முக்கால், அதைப் பத்தொன்பதாக்கியிருக்கிறார்கள். கறிகாய்க்காரர் சொன்னதை அவர் நம்பவில்லை போலிருக்கிறது.

அதைக் குறிக்க "1957 ஏப்ரல்" என்று அடித்தேன். பெட்டியில் "957 ஏப்ரல்" என்று இருந்தது. படம் நகர்ந்து அடுத்த பக்கம் வந்துவிட்டது.

முன்னால் இருப்பது என் சாளரம்தான், நிபந்தனை சரியாகவே வேலை செய்கிறது. கர்சர் பெட்டிக்குள் இருப்பது அதற்குத் தெரியாது. குறிப்புப் பெட்டியில் கர்சர் இல்லாதபோது மட்டும் என்ற இரண்டாம் நிபந்தனையும் சேர்த்தேன். 1957 முழுசாக வந்தது.

ஜூலை 12, சனி

860 பக்கங்கள் முடிந்தன. அப்பா தொலைபேசிக் கட்டணம் கட்டினார். எல்லாம் சரிசெய்துவிட்டேன், மடிக்கணினி விசைகளிலேயே அடிக்கலாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே பழைய கீபோர்டைச் செருகினார்.