பத்தொன்பது ஜோடி

கிரேஃபிஷ் இறாலுக்கு உறவான நன்னீர் விலங்கு, நம் ஆறு குளங்களில் இல்லாதது. இந்தியாவுக்கென்று சொந்தமாக ஒரு இனம்கூடக் கிடையாது. ஆப்பிரிக்கப் பெருநிலத்திலும் அப்படித்தான், ஆனால் பக்கத்துத் தீவான மடகாஸ்கரில் உண்டு. ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா பக்கமெல்லாம் ஓடைகளிலும் ஏரிகளிலும் சாதாரணமாகத் திரியும். 1880-இல் ஆங்கிலேய உயிரியலாளர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி இந்த ஒரே விலங்கை வைத்து விலங்கியலுக்கு ஓர் அறிமுக நூல் எழுதினார். கிரேஃபிஷை நேரில் பார்க்காத நம் ஊர் மாணவர்கள்கூடப் பரீட்சைக்காக அதன் படத்தை வரைந்து பாகம் குறித்திருப்பார்கள். கடலூரில் நான் செய்முறை வகுப்பு எடுக்கும் கல்லூரி ஆய்வகத்திலும் ஒன்று இருக்கிறது, கண்ணாடிக் குடுவைக்குள், ஃபார்மலினில் நிறமெல்லாம் போய்.

அந்தக் குடுவையைத் திறக்க முடியாது. அதனால் எங்களுக்குக் கிரேஃபிஷைக் கற்றுக்கொடுத்தது கடலூர் முதுநகர் துறைமுகத்து இறால்தான். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும். அதற்குள் வேண்டியதை வாங்கிக்கொள்ள ஓடுவது ஒவ்வொரு வருஷமும் இருந்த வேலை.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு உள்ளே பார்க்கத்தான் ஆசை. இதயம் எது, மூளை எங்கே என்று முதல் வகுப்பிலேயே கேட்பார்கள். நான் அவர்களை வெளியிலேயே நிறுத்திவைப்பேன். வெளியே இருப்பதை நிதானமாகப் பார்த்தவருக்கு உள்ளே இருப்பதில் பாதி முன்கூட்டியே தெரிந்துவிடும். இத்தனை வருஷ அனுபவத்தில் நான் மிக உறுதியாக நம்புவது இதைத்தான்.

கிரேஃபிஷுக்கு மொத்தம் 19 ஜோடி இணையுறுப்புகள், அதாவது கால், மீசை, தாடை என்று உடலின் இரு பக்கமும் ஜோடியாக இருப்பவை. தலையும் மார்பும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே ஓட்டுக்குள் இருக்கும், அதில் 13 ஜோடி. வயிற்றுப் பகுதியில் 6. வால் நுனித் தகட்டுக்குக் கால் இல்லை. கடல் இறாலுக்கும் இதே கணக்குதான். குட்டி மீசை, பெரிய மீசை, தாடை, தாடைக்குத் துணையாக இரண்டு ஜோடி, வாய்க்கருகில் தாடைக்கால் மூன்று, நடக்கும் கால் ஐந்து, நீந்தும் கால் ஐந்து, கடைசியில் வால் துடுப்பு. மனப்பாடம் செய்தால் மூன்று நாளில் மறந்துபோகும். நான் வேறு வழியில் போவேன். வயிற்றுக்கு அடியிலிருக்கும் ஒரு நீந்தும் காலை எடுத்து நன்றாகப் பார்க்கச் சொல்வேன். அடிக்கட்டை ஒன்று, அதிலிருந்து உள்பக்கம் ஒரு கிளை, வெளிப்பக்கம் ஒரு கிளை. அவ்வளவுதான். மற்ற உறுப்புகளில் பெரும்பாலானவை இந்த அமைப்பின் மாற்றங்கள். நடக்கும் கால் வெளிக்கிளையை இழந்துவிட்டது. வால் துடுப்பில் இரண்டு கிளையும் தட்டையாகிவிட்டன. பெரிய மீசையில் உள்கிளை நீண்டு மீசையாகிவிட்டது, வெளிக்கிளை அதன் பக்கத்தில் செதிலாக நிற்கிறது. கடிக்க, பிடிக்க, நடக்க, நீந்த, மோப்பம் பார்க்க என்று எத்தனை வேலை இருந்தாலும் அடிப்படை அமைப்பு ஒன்றுதான். இது புரிகிற நேரத்தில் பிள்ளைகள் முகத்தில் வரும் மாற்றத்தைப் பார்க்கவே எனக்கு இந்த வேலை பிடிக்கும்.

இரண்டாம் துணைத்தாடையை மட்டும் அவசரமாகத் தாண்டிப் போக விடமாட்டேன். பார்க்க ஒன்றுமில்லாதது போல் மெல்லிய தகடு. ஆனால் விலங்கு மூச்சு விடுவதே அதனால்தான். செவுள் அறைக்குள் அது இடைவிடாமல் அடித்து அடித்துத் தண்ணீரை முன்பக்கமாக வெளியே தள்ளும், பின்னாலும் கால் இடுக்குகளிலும் புதுத் தண்ணீர் உள்ளே வரும். தொட்டியில் உயிருள்ள நன்னீர் இறால் ஒன்று இருந்தால் போதும், ஓடு கண்ணாடி போல இருப்பதால் அந்தத் தகடு துடிப்பது பக்கவாட்டில் அப்படியே தெரியும். கால்களின் அடியில் ஒரு சொட்டுப் பாலை விட்டால் சிறிது நேரத்தில் வாய்ப்பக்கம் வெள்ளைக் கோடாக வெளியே வரும். செவுள் எங்கே, தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று கத்தரியைத் தொடாமலே தெரிந்துகொள்ளலாம்.

ஒருமுறை தேவனாம்பட்டினத்திலிருந்து வந்த மாணவி ஒருத்தி, இறாலைத் திருப்பிப் போட்டதுமே, “மேடம், இது பொட்டை” என்றாள். எப்படிச் சொல்றே என்று கேட்டேன். “கடைசிக் காலுங்களுக்கு நடுவுல மூடி மாதிரி இருக்கே மேடம். ஆணுக்கு அது இருக்காது, முதல் நீச்சக் காலு ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும்.” அவள் அம்மா மீன் விற்கிறவர். அவரோடு உட்கார்ந்து இறால் உரித்தே அவளுக்கு இது தெரிந்திருந்தது. பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு வரும் விஷயத்தை அவள் இரண்டு வரியில் சொல்லிவிட்டாள். கிரேஃபிஷிலும் ஆணின் முதல் இரண்டு ஜோடி நீந்தும் கால்கள் விறைப்பாக, விந்தைக் கொண்டுசேர்க்கும் கருவியாக மாறியிருக்கும். இனப்பெருக்கத் துளை பெண்ணுக்கு மூன்றாம் நடக்கும் காலின் அடியில், ஆணுக்கு ஐந்தாம் காலின் அடியில். ஒரு வித்தியாசமும் உண்டு. கிரேஃபிஷ் தாய் முட்டைகளை நீந்தும் கால்களில் ஒட்டவைத்து, பொரிக்கும்வரை சுமந்து திரியும். நம் வெள்ளை இறாலும் புலி இறாலும் முட்டையைக் கடலில் விட்டுவிட்டுப் போய்விடும். அன்றைக்கு இதையெல்லாம் குடுவையிலிருந்த கிரேஃபிஷோடு ஒப்பிட்டு மற்றவர்களுக்கு விளக்கியவள் அவள்தான்.

சரி, உள்ளே போகலாம். கிரேஃபிஷின் நடக்கும் காலைப் பக்குவமாகப் பிடித்து இழுத்தால் ஒரு செவுளும் கூடவே வரும், காலின் அடியிலேயே ஒட்டியிருப்பதால். கால் அசைந்தால் செவுளும் அசையும். இரைப்பை தலைக்குள்ளேயே, கண்களுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். அதற்குள் மூன்று பற்கள் உணவை அரைக்கும். சட்டை உரிக்கும் காலம் நெருங்கும்போது இரைப்பைச் சுவரில் இரண்டு வெள்ளைக் கற்கள் வளரும். பழைய ஓட்டிலிருந்து சுண்ணாம்பை எடுத்து அங்கே சேர்த்துவைக்கிறது. உரித்த பிறகு கல் கரைந்து, அந்தச் சுண்ணாம்பு புது ஓட்டுக்குப் போகும். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் இந்தக் கற்களை மருந்தாக விற்றார்கள். ஆற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு குறைவு, அதனால் இந்தச் சேமிப்பு. கடல் இறாலில் இதைத் தேடிப் பயனில்லை.

உடலைச் சமநிலையில் வைக்கும் உறுப்பு குட்டி மீசையின் அடியில் இருக்கிறது. சின்னப் பை, உள்ளே மணல் துகள்கள். ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் பையின் உள்தோலும் மணலும் போய்விடும், விலங்கு புது மணலைச் சேர்த்துக்கொள்ளும். 1893-இல் கிரைட்ல் என்பவர் சட்டை உரித்த இறாலுக்கு மணலுக்குப் பதிலாக இரும்புத் தூளைக் கொடுத்தார். பிறகு மேலே காந்தத்தைக் காட்டியதும், மேலேதான் தரை இருக்கிறது என்று எண்ணி இறால் தலைகீழாகத் திரும்பிக்கொண்டது. எத்தனை தடவை சொன்னாலும் வகுப்பு அமைதியாகக் கேட்கும் கதை இது.

எனக்கு உள்ளமைப்பில் மிகவும் பிடித்தது ஒரு ரத்தக்குழாய். இதயம் முதுகுப் பக்கம், நரம்பு வடம் வயிற்றுப் பக்கம். நமக்கு நேர்மாறு. இதயத்தின் பின்புறத்திலிருந்து ஒரு தமனி நேராகக் கீழே இறங்கி, குடலைத் தாண்டி, நரம்பு வடத்தின் நடுவிலுள்ள இடைவெளி வழியாக நுழைந்து அடுத்த பக்கம் போய் முன்னும் பின்னுமாகப் பிரியும். கால்களுக்கெல்லாம் ரத்தம் அங்கிருந்துதான். ஊசி முனையால் நரம்பு வடத்தை லேசாக விலக்கி இதைக் காட்ட நல்ல வெளிச்சமும் பொறுமையும் வேண்டும்.

2014-இல் பல்கலைக்கழக மானியக் குழு விலங்குகளை அறுக்கும் செய்முறையை நிறுத்தச் சொன்னது. எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது. ஒரு வகுப்புக்காக அத்தனை உயிர்கள் போகத் தேவையில்லை. அப்புறம் எப்படிப் படிப்பது என்று கேட்கிறவர்களை நான் சமையலறைக்கு அனுப்புகிறேன். வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இறால் வாங்கினால், தலையைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒன்றை முழுசாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதுகில் கறுப்பாக உருவி எடுப்பது குடல். அடிப்பக்கம் வெள்ளையாக மெல்லிய நூல் ஓடும், அது நரம்பு வடம். இரண்டுக்கும் நடுவில் நாம் சாப்பிடுவதில் பெரும்பகுதி வயிற்றை மடக்கும் தசை. ஆபத்து வந்தால் வாலைச் சட்டென்று மடித்துப் பின்னால் பாய்வதற்காகத்தான் அவ்வளவு சதை. உறுப்புகளைப் பிரிக்க வாலிலிருந்து தொடங்குங்கள், வாய்ப்பக்கம் நெருக்கமாக இருப்பதால் முன்னாலிருந்து ஆரம்பித்தால் கலந்துபோகும். ஒவ்வொன்றையும் அடிக்கட்டையோடு இடுக்கியால் பிடித்து எடுத்து, கறுப்புத் தாளில் வரிசையாக வையுங்கள், வெள்ளைத் தாளில் ஓரங்கள் தெரியாது. இடது பக்கத்தை மட்டும் எடுத்தால் போதும். எது எங்கே இருந்தது என்று சந்தேகம் வரும்போது பார்த்துக்கொள்ள வலது பக்கம் அப்படியே இருக்கும்.