படிக்கட்டுல பூந்தொட்டி

புதுச்சேரி மிஷன் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு பூட்டுன கடை படிக்கட்டுல ரெண்டு வருஷமா ஒரு பாட்டி படுத்துட்டு இருந்தாங்க. நைட் டூட்டி முடிச்சு வரும்போது பாப்பேன், கொசுவுக்கு புடவைய தலையோட இழுத்துப் போத்திகிட்டு, தலைமாட்டுல ஒரு பிளாஸ்டிக் குடம், துணிமணி எல்லாம் அதுக்குள்ளதான். போன மாசம் பாத்தா அந்தப் படில வரிசையா சிமெண்ட் பூந்தொட்டி. செடி கூட நடல, வெறும் மண்ணு.

டீக்கடை அண்ணன்கிட்ட கேட்டேன். "கம்ப்ளைன்ட் பண்ணிட்டாங்க தம்பி, டூரிஸ்ட் வர்ற எடமாம்"னாரு. யார்கிட்ட பண்ணாங்கன்னு கேட்டதுக்கு சிரிச்சாரு.

சிரிப்புக்கு அர்த்தம் இருக்கு, ஏன்னா நம்ம ஊர்ல கவுன்சிலர்னு ஒருத்தரே கிடையாது. 1968க்கு அப்புறம் உள்ளாட்சித் தேர்தல் 2006லதான் நடந்துச்சு, அவங்க பதவிக்காலம் 2011ல முடிஞ்சுது, அதோட சரி. 2021ல தேதி அறிவிச்சும் இட ஒதுக்கீடு பிரச்சனைல கோர்ட்டு வரைக்கும் போயி நின்னுடுச்சு. பீச் ரோட்டுல மேரி கட்டடம் 2014ல இடிஞ்சு விழுந்துச்சே, அத பழைய மாதிரியே கட்டி 2021ல திறந்தாச்சு, பிரெஞ்சுல மேரின்னாலே நகராட்சி மன்றம்தான், உள்ள போயி உக்கார ஜெயிச்சவங்கதான் யாரும் இல்ல. அதனால சாக்கடை அடைச்சாலும் எம்எல்ஏ, லைட்டு எரியலன்னாலும் எம்எல்ஏ. மொத்தம் 30 தொகுதி, ஒவ்வொண்ணும் கையளவு, ஒவ்வொரு வீட்லயும் எத்தன ஓட்டுன்னு விரல் விட்டு எண்ணி வச்சிருப்பாங்க. பாட்டிக்கு சொந்த ஊரு தமிழ்நாட்டுல சேத்தியாத்தோப்பு பக்கம், இங்க செவப்பு ரேஷன் கார்டும் இல்ல மஞ்ச கார்டும் இல்ல, ஊர் ஓட்டர் லிஸ்ட்லயும் பேர எடுத்துட்டாங்களாம். கடைக்காரருக்கு ஓட்டு இருக்கு. கணக்கு அவ்ளோதான்.

கவுன்சிலர் இருந்தா மட்டும் கிழிச்சிடுவாங்களான்னா, அதுவும் தெரியல. லாஸ் ஏஞ்சலீஸ்ல இருக்குற பெரியப்பா பையன் சொன்ன கத இது. அங்க மொத்தம் 15 கவுன்சிலர். வீடில்லாதவங்களுக்கு வீடு கட்ட 2016ல ஜனங்களே ஓட்டுப் போட்டு 120 கோடி டாலர் கடன் வாங்க சம்மதிச்சாங்க, ஆனா அந்த ஏரியா கவுன்சிலர் ஒரு லெட்டர் குடுத்தாதான் காசு வரும்னு வச்சிருந்தாங்களாம், அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்க சத்தம் போட்டா அவரு லெட்டர தராம இழுத்தா போதும், திட்டம் அப்டியே படுத்துடும். 2018ல மாநில அரசு சட்டம் போட்டுதான் அத நிறுத்துச்சு. டாலர்ல இருந்தாலும் நம்மூரு சிபாரிசு லெட்டர் கதையேதான்.

இங்கயும் பேப்பர்ல எல்லாம் இருக்கு. ஒரு லட்சம் பேருக்கு ஒரு இரவு தங்கும் விடுதி, 24 மணி நேரமும் தெறந்திருக்கணும்னு சுப்ரீம் கோர்ட் 2010லயே சொல்லிடுச்சு. 2011 கணக்குப்படி புதுச்சேரி நகராட்சி, உழவர்கரை நகராட்சி ரெண்டும் சேத்து அஞ்சு லட்சத்துக்கு மேல ஜனம், அப்ப அஞ்சு விடுதி. எங்க கட்டுறதுன்னு ஆரம்பிச்சா என் தொகுதில கட்டுங்கன்னு யாரு கை தூக்குவாங்க சொல்லுங்க, ஃபிளக்ஸ் வைக்க மட்டும் எல்லா மூலையிலயும் எடம் கிடைக்குது (சரி, அந்தப் பஞ்சாயத்து வேற).

இதுல எனக்கே சமீபத்துலதான் தெரிஞ்ச விஷயம், வீடே இல்லாதவங்களும் வாக்காளர் பட்டியல்ல பேர் சேக்கலாம், முகவரி ப்ரூஃப் எதுவும் வேணாம். எங்க படுக்கிறாங்களோ அந்த எடத்த, பேர் சேக்குற ஃபார்ம் 6ல எழுதணும், பிஎல்ஓ (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) ராத்திரில வந்து அங்கதான் தூங்குறாங்களான்னு பாப்பாரு, ஒரு நாள் இல்ல, ஒண்ணுக்கு மேல. தேர்தல் கமிஷன் விதியே அதான்.

ஒரு ஃபார்ம பிரின்ட் எடுத்து வண்டி டிக்கில போட்டு வச்சிருக்கேன். பாட்டிய இப்ப பஸ் ஸ்டாண்டு பக்கம் பாத்ததா டீக்கடை அண்ணன் சொல்றாரு, ரெண்டு நாள் நைட்டு சுத்திட்டேன், ஆள் அம்புடல. முகவரி கட்டத்த காலியா விட்டிருக்கேன், இப்ப எந்தப் படில படுக்குறாங்கன்னு அவங்களதான் கேட்டு எழுதணும்.