குலசைக்குப் பிச்சைக்காரனாகப் போன கதை

1989-இல் எனக்கு நாலு வயசு. உடம்பெல்லாம் முத்து. அம்மை வந்திருக்கிறது என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள், 'முத்து போட்டிருக்கு' என்பார்கள். முத்தை ஆற்றுகிறவள் என்பதால்தான் அவள் முத்தாரம்மன் என்று ஆச்சி சொல்வாள். தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டிய நாள் தள்ளிக்கொண்டே போனதில் பயந்துபோன அம்மா, முத்தாரம்மன் கோயில் இருக்கும் குலசையின் திசை பார்த்து நேர்ந்துகொண்டாள்: "இவன் எந்திச்சு நடந்தான்னா, பிச்சைக்கார வேஷம் கட்டி, தர்மம் எடுத்து உன் உண்டியல்ல போடுவான் தாயே."

ராஜா வேஷம் என்று நேர்ந்திருக்கலாம். ஒரு போலீஸ்காரன், ஒரு குரங்கு என்றாவது சொல்லியிருக்கலாம். நேர்ந்தது அவள், கட்ட வேண்டியது நான்.

பரீட்சை, வேலை, கல்யாணம், மறுபடி வேலை என்று 35 வருசம் கடத்தினேன். ஒவ்வொரு புரட்டாசியிலும் போன் வரும். "எய்யா, இந்த வருசமாவது..." 2024-இல் அந்தப் போன் வரவில்லை. அதுதான் உறுத்தியது. நானே கூப்பிட்டு, வருகிறேன் என்றேன்.

தெரியாதவர்களுக்கு: குலசை என்பது குலசேகரன்பட்டினம், தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரமாக இருக்கும் சின்ன ஊர். பாண்டியர் காலத்துத் துறைமுகம். 2024-இல் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதில் செய்தியில் அடிபட்டது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது என்றைக்கும் தசரா ஊர்தான். மைசூருக்கு அடுத்த தசரா குலசையில் என்று சொல்லிக்கொள்வோம். உள்ளபடி இரண்டுக்கும் ஒப்பே கிடையாது. அங்கே யானையும் அரண்மனையும் பார்க்க ஜனம் போகிறது. இங்கே ஜனமே வேஷம் கட்டிக்கொண்டு வருகிறது, அம்மன் பார்க்கிறாள்.

எங்கள் ஊர் தசரா செட்டில், அதாவது சேர்ந்து வேஷம் கட்டிப் போகிற குழுவில், சித்தப்பா மகன், என் தம்பி, ஒன்பது வருசமாகக் காளி கட்டுகிறான். மற்ற நாளில் லோடு ஏற்றுகிற வேலை. காளிக்கு விரதம் கடுமை, அவன் 48 நாள் இருந்தான். எனக்கு 21 நாள் போதும் என்றார்கள். மாலை போட்டு, ஒருவேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை. லீவு அவ்வளவு கிடைக்காததால் முதல் 11 நாளைச் சென்னையில் லேப்டாப் முன்னால் ஓட்டினேன். பக்கத்து சீட்டுக்காரர் ஐயப்பன் மாலையா என்று கேட்டார். முத்தாரம்மன் என்றேன். இந்த மாசத்திலா என்றார். அதற்கு மேல் விளக்கவில்லை.

அக்டோபர் 3 கொடியேற்றம். கோயிலில் வாங்கிவந்த காப்புக் கயிற்றை வலது கையில் கட்டிய பிறகுதான் வேஷம். ஊர்க் குடிலில் தம்பிக்கு முகத்தில் சாயம் பூச ஒருவர், சடைமுடி கட்ட ஒருவர், கோரைப்பல்லும் நாக்கும் பொருத்த ஒருவர். கிரீடத்தைத் தூக்கிப் பார்த்தேன், ஒரு கையால் முடியவில்லை. எனக்கு? பழைய கைலி, கிழிந்த சட்டை, முகத்தில் கொஞ்சம் கரி, ஒரு திருவோடு. இரண்டு நிமிசத்தில் முடிந்தது. "அண்ணனுக்கு மேக்கப்பே வேண்டாம்" என்றான் ஒரு பொடியன்.

முதல் வீடு எங்கள் தெருவிலேயே. தம்பி முன்னால் தப்பட்டை அடிக்கு ஆடிக்கொண்டு போகிறான். ஜனம் குடத்துத் தண்ணீரை அவன் காலில் ஊற்றுகிறது, குழந்தையைக் கிடத்தித் தாண்டச் சொல்கிறது, வயசானவர்கள் 'அம்மா' என்று கும்பிட்டு வாக்குக் கேட்கிறார்கள். நேற்றுவரை 'ஏலே' என்று அவனைக் கூப்பிட்டவர்கள். நான் பின்னால் திருவோட்டோடு நிற்கிறேன். வாயைத் திறந்து 'தாயே, தர்மம் போடுங்க' என்று சொல்ல வேண்டும். வரவில்லை. மேடையில் பேசியிருக்கிறேன், பெரிய அதிகாரிகள் முன்னால் கணக்குக் காட்டியிருக்கிறேன். இந்த மூன்று சொல் தொண்டையில் நின்றுவிட்டது. கடைசியில் எதிர்வீட்டு அத்தை தானாகவே பத்து ரூபாயைப் போட்டு, முகத்தைப் பார்த்து, "யாரு, பெரியவனா? உங்க அம்மை நேந்ததா?" என்றாள். தெருவுக்கே தெரிந்திருக்கிறது, 35 வருசமாக.

நாலாவது நாளில் வாய் பழகிவிட்டது. பழகியது நல்லதா என்று ஒரு சந்தேகம் இருந்தது, ஏனென்றால் பழகிய பிறகு 'யார் எவ்வளவு போடுகிறார்கள்' என்று கண் போக ஆரம்பித்தது. ஐம்பது போட்டவரைப் பார்த்துச் சிரித்தேன், சில்லறை போட்டவருக்கு வெறும் தலையாட்டல். தம்பிதான் ராத்திரி குடிலில் கிரீடத்தைக் கழற்றிவைத்துக் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னான், "அண்ணே, அது ஒனக்குப் போடுறது இல்ல."

பத்தாம் நாள், 12-ஆம் தேதி, சனிக்கிழமை, வேன் பிடித்துக் கிளம்பினோம். திருநெல்வேலியிலிருந்து ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர் என்று தாமிரபரணியை ஒட்டியே போகும் சாலை, ஒரு பக்கம் வாழை, ஒரு பக்கம் வயல். அன்றைக்கு அந்தச் சாலையில் பார்த்த டீக்கடைக்கெல்லாம் வாசலில் ஒரு காளியோ கரடியோ நின்று டீ குடித்துக்கொண்டிருந்தது. நாக்கைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஜ்ஜி தின்ற எமதர்மராஜாவை மறக்க முடியாது.

திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்டில் செட்டை விட்டுப் பிரிந்து கொஞ்சம் தனியாகத் தர்மம் எடுக்கலாம் என்று சுவரோரம் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வேஷமா?"

"ஆமா."

"அப்ப அந்தப் பக்கம் போங்க அண்ணாச்சி. இங்க உக்காந்தா எனக்கு விழாது."

எழுந்துவிட்டேன். அவருக்கு ஏதாவது கொடுக்கலாமென்றால் பர்ஸ் வேனில். ஓட்டில் இருப்பது அம்மன் காசு, அதைத் தொடக்கூடாது. அப்படியே சொன்னேன். "அவளுக்குள்ளத அவளுக்குப் போடும். எனக்கு எதுக்கு?" என்று எதிர்த்திசையில் திரும்பிக்கொண்டார். கோபமா இல்லையா என்று இன்றுவரை பிடிபடவில்லை. வேன் கிளம்பும்போது பர்ஸோடு ஓடிவந்து பார்த்தேன், அந்த இடத்தில் ஆள் இல்லை.

குலசைக்கு வெகுதூரம் முன்பே வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். மிச்சம் நடைதான். வெறுங்கால், தேரி மணல், வழியெல்லாம் கொட்டு. சில செட்டுகள் சினிமாப் பாட்டுக்கு ஆள் வைத்துக் குத்தாட்டம் போட்டுக்கொண்டு போனது எனக்குப் பிடிக்கவில்லை. விரதம் இருந்தவனும் அந்தக் கூட்டத்தில்தானே நசுங்குகிறான். ஆனால் பக்கத்திலேயே குறவன் குறத்தியாக ஒரு கிழத்தம்பதி, கையைப் பிடித்துக்கொண்டு, யாருக்காகவும் ஆடாமல் நடந்து போனார்கள்.

கோயில் சின்னதுதான். உள்ளே ஞானமூர்த்தீஸ்வரரும் முத்தாரம்மனும் ஒரே பீடத்தில், புருசன் பொண்டாட்டி திண்ணையில் உட்கார்ந்த மாதிரி அருகருகே. தனியாக உக்கிரமாக நிற்கிற அம்மன்களைப் பார்த்த கண்ணுக்கு அது ஒரு நிம்மதி. எனக்குக் கிடைத்தது நாலைந்து விநாடி. ஓட்டைக் கவிழ்த்தேன். சில்லறை விழுந்த சத்தம் கூட்டத்தின் இரைச்சலில் கேட்கவே இல்லை. 35 வருசக் கடன், ஒரு சத்தமும் இல்லாமல் தீர்ந்தது. அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். பின்னால் நின்றவர் தள்ளியதில் வெளியே வந்துவிட்டேன்.

நடுராத்திரியில் சிம்ம வாகனத்தில் அம்மன் கடற்கரைக்கு வந்தாள். சிதம்பரேஸ்வரர் கோயில் முன்னால் மணலில் சூரன், அதாவது மகிஷாசுரன், நிற்கும் வண்டி முன்னும் பின்னும் ஓடுகிறது. சிங்கத் தலை, எருமைத் தலை என்று மாறிமாறி வருகிறான், ஒவ்வொன்றாக விழுகிறது. 'ஓம் காளி, ஜெய் காளி' என்று கடல் சத்தத்தை அமுக்கிக்கொண்டு கூட்டம் கத்துகிறது. என்னைச் சுற்றி நூற்றுக்கணக்கான காளிகள். அத்தனை பேரும் கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றார்கள். என் தம்பி கழுத்து வலியில் ஒரு பக்கம் சாய்ந்து நின்று கும்பிட்டான். கிரீடத்தைக் கொஞ்சநேரம் நான் பிடித்துக்கொள்ளவா என்றேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டான்.

மறுநாள் காப்புக் கழற்றிவிட்டு, உடன்குடியில் அம்மாவுக்குக் கருப்பட்டி வாங்கிக்கொண்டு வீடு வந்தேன். வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"எவ்ளோ விழுந்தது?"

"2,340 ரூபாய்."

"நல்லாப் போட்டிருக்காங்க." கருப்பட்டியை முகர்ந்து பார்த்து உள்ளே வைத்துவிட்டு வந்தாள். "எய்யா, ஒன் தங்கச்சிக்கு ஒரு நேர்த்தி கெடக்கு. பிரசவத்தப்போ நேந்தது. குறத்தி வேஷம். அவகிட்ட நான் இன்னும் சொல்லல, நீ கொஞ்சம் பக்குவமா சொல்லு."